எண்ணெய் உள்ளே போகுதா, மேலேயே நிக்குதா?

எங்க ஹாஸ்டல் ரூம்ல ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில் இருக்கு. டிராப்பர் வச்ச மூடி, உள்ளே 30 மில்லி ரோஸ்ஹிப் விதை எண்ணெய். ரூம்மேட் ஆன்லைன்ல 600 ரூபாய்க்கு வாங்கினது. கணக்குப் போட்டா ஒரு மில்லி 20 ரூபாய். தினமும் ராத்திரி மூணே மூணு சொட்டு எண்ணி முகத்துல வைப்பா. நாலாவது சொட்டு தவறி விழுந்தா எனக்கே மனசு பதறும்.

அவளைப் பார்த்து நானும் ஒண்ணு வாங்கினேன். முகத்துக்கு இல்ல, எங்க ஆயாவோட குதிகால் வெடிப்புக்கு. லீவுல நெமிலிக்கு எடுத்துட்டுப் போனேன். ஆயா பாட்டிலை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தாங்க. "இன்னா கண்ணு, இவ்ளோண்டு புட்டி? என் ஒரு குதிகாலுக்கே பத்தாதே!" அப்படின்னு சொல்லிட்டு, எப்பவும் போல செக்குல ஆட்டின கடலெண்ணெயை எடுத்துக் காலுக்குத் தேய்க்க ஆரம்பிச்சிட்டாங்க.

அன்னிக்கு சாயங்காலம் மாமா வந்தார். ராணிப்பேட்டை பக்கம் ஒரு தோல் கம்பெனியில பதினெட்டு வருஷமா வேலை. கையை நீட்டிக் காட்டினார். விரல் இடுக்கு, மணிக்கட்டு எல்லாம் சிவந்து, தடிச்சு, வெடிச்சு இருந்துச்சு. "நீதான் கெமிக்கல் படிக்கிறியே பாப்பா, இதுக்கு என்ன எண்ணெய் போடலாம்?"

எனக்கு பதில் தெரியல. தெரியாதுன்னு சொல்லாம, தெரிஞ்ச மாதிரி ஒரு பதிலும் சொன்னேன். அந்தத் தப்பைக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சிருக்க வேண்டியதை எல்லாம் இங்க எழுதறேன். நீங்களும் ஒரு நாள் வீட்டுல இதே கேள்வியைச் சந்திப்பீங்க.

தோல் கம்பெனி சொல்லித் தர்ற பாடம்

தமிழ்ல நம்ம மேல இருக்கறதுக்கும் பேரு தோல்தான். ஷூ, பெல்ட், பர்ஸ் ஆகிறதுக்கும் பேரு தோல்தான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் வளர்ந்தவங்களுக்கு அந்த ரெண்டாவது தோலோட வாசனை மூக்குலயே இருக்கும். ஆனா அந்தத் தோலுக்கும் எண்ணெய் போடறாங்கன்னு நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

உப்பு போட்டு வர்ற பச்சைத் தோலை முதல்ல சுண்ணாம்பு, சோடியம் சல்பைடு கரைசல்ல போடறாங்க. முடியும் மேல் தோலும் கழண்டு வந்துடும். மிச்சம் இருக்கறது உள் தோல். கொலாஜன்ங்கற புரத நார்களால நெய்த ஒரு கெட்டியான பாய்னு வச்சுக்கோங்க. அதை குரோமியம் உப்புல பதப்படுத்துவாங்க. அப்போ அது நீல நிறமாயிடும். அதனாலதான் அதை 'வெட் ப்ளூ'ன்னு சொல்றாங்க. அதை அப்படியே காய வச்சா என்ன ஆகும்? நார்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு அப்பளம் மாதிரி விறைச்சிடும். மடிச்சா உடையும்.

அதனால காய வைக்கறதுக்கு முன்னாடியே, பெரிய மர டிரம்முல 50, 60 டிகிரி வெந்நீரோட எண்ணெயைச் சேர்த்துச் சுத்த விடறாங்க. இதுக்குப் பேரு 'ஃபேட் லிக்கரிங்'. எண்ணெய் தண்ணியில கலக்காதே, அப்புறம் எப்படி நாருக்குள்ள போகும்? அங்கதான் வேதியியல் வருது. ஆமணக்கு எண்ணெயை கந்தக அமிலத்தோட வினைபுரிய வச்சா, அது தண்ணியில கரைஞ்சு போற மாதிரி மாறிடும். 'டர்க்கி ரெட் ஆயில்'னு பேரு. இதே மாதிரி மீன் எண்ணெய், மத்த தாவர எண்ணெய்களையும் மாத்திப் பயன்படுத்தறாங்க. எண்ணெய் நாருக்கு நடுவுல போய் உக்காந்துக்கும். அப்புறம் காய வச்சாலும் தோல் மெத்துன்னு இருக்கும்.

இதுல நமக்கு ரெண்டு பாடம் இருக்கு.

முதல் பாடம்: எண்ணெய் போட வேண்டிய நேரம், தோல் ஈரமா இருக்கற நேரம். காய்ஞ்சு விறைச்ச பிறகு மேல ஊத்தினா பழைய மென்மை திரும்பாது. இது நம்ம தோலுக்கும் அப்படியே பொருந்தும்.

ரெண்டாவது பாடம் இதுக்கு நேர் எதிர். அங்க மேல் தோலை உரிச்சு எடுத்துட்டதால எண்ணெய் உள் தோலுக்குள்ள போகுது. நம்ம கிட்ட மேல் தோல் உயிரோட, காவல்காரன் மாதிரி நிக்குது. அதனால "ஏழு அடுக்குக்கும் ஊடுருவி உள்ளிருந்து ஊட்டமளிக்கும்"னு விளம்பரம் சொன்னா, கொஞ்சம் நின்னு யோசிங்க. பெர்லின்ல இருக்கற சாரிட்டே மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள் 2012-ல பாதாம், ஜோஜோபா, சோயா, அவகாடோ எண்ணெய்களை ஆட்களோட தோல்ல தடவி, லேசர் நுண்ணோக்கியில பார்த்தாங்க. எண்ணெய் மேல் அடுக்கோட முதல் சில வரிசைகளோட நின்னுடுச்சு.

"அப்போ எண்ணெய் போடறதே வேஸ்ட்டா?" இல்லீங்க. அந்த மேல் வரிசையிலதான் எல்லா விஷயமும் இருக்கு.

20 மைக்ரான் சுவர்

நம்ம தோலோட ஆக மேல் அடுக்கு 10-லிருந்து 20 மைக்ரான் தடிமன்தான். தலைமுடி ஒண்ணை எடுத்துக்கிட்டா அதோட தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். அதுல மூணுல ஒரு பங்குகூட இல்லாத ஒரு சுவர்தான் நம்ம உடம்புத் தண்ணி காத்துல ஆவியாகாம பிடிச்சு வச்சிருக்கு.

இந்தச் சுவரைச் செங்கல் சுவர்னு சொல்லிப் புரிய வைப்பாங்க. செத்துத் தட்டையான செல்கள்தான் செங்கல். நடுவுல பூசற கலவை கொழுப்பால ஆனது: செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள். கலவை நல்லா இருந்தா தண்ணி மெதுவாத்தான் கசியும். நல்ல தோல்ல, வேர்வையைச் சேர்க்காம, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மணி நேரத்துல 5-லிருந்து 10 கிராம் தண்ணி போகும். நம்ம உடம்பு மேற்பரப்பு சுமார் 1.7 சதுர மீட்டர். ஏழு கிராம்னு வச்சுப் பெருக்கிப் பாருங்க: 1.7 × 7 × 24 = 285 கிராம். நாம சும்மா உக்காந்திருந்தாலே ஒரு நாளைக்கு ஒரு டம்ளருக்கு மேல தண்ணி தோல் வழியா கிளம்பிப் போயிடுது.

சோப்பு போட்டுத் தேய்க்கறது, சூடான தண்ணி, பாத்திரம் தேய்க்கற பவுடர், ஏசி ரூம், மார்கழிக் காத்து எல்லாம் அந்தக் கலவையைக் கரைக்கும் இல்லன்னா உலர்த்தும். கசிவு அதிகமாகும். தோல் வெள்ளை வெள்ளையா செதில் விடும், அரிக்கும், வெடிக்கும்.

இப்போ எண்ணெய் பண்ற வேலை என்னன்னு சொல்லிடலாம். ஒண்ணு, மேல ஒரு மூடி மாதிரி நின்னு தண்ணி போறதைக் குறைக்குது. ரெண்டு, செதில்களுக்கு நடுவுல இருக்கற இடைவெளியை நிரப்பி வழவழப்பாக்குது. மூணாவது ஒண்ணு சில எண்ணெய்களுக்கு மட்டும் உண்டு: கலவைக்குத் தேவையான கொழுப்பு அமிலத்தையே கொண்டு வந்து தருது. எண்ணெய்ல தண்ணியே கிடையாது. அதனால எண்ணெய் தோலுக்கு ஈரம் தர்றதில்ல. இருக்கற ஈரத்தைப் போக விடாம பிடிக்குது. இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டாலே பாதி விளம்பரத்துக்கு நீங்களே பதில் சொல்லிடுவீங்க.

வெறும் மூடி போடறது மட்டும்தான் வேணும்னா, மெடிக்கல் ஷாப்ல கிடைக்கற பெட்ரோலியம் ஜெல்லியை எந்த விதை எண்ணெயும் ஜெயிக்க முடியாது. 'நேச்சுரல்' இல்லைன்னாலும் உண்மை அதுதான்.

லினோலிக்கா, ஓலிக்கா?

எல்லா விதை எண்ணெயும் கொழுப்பு அமிலங்களோட கலவைதான். எந்த அமிலம் எவ்வளவுங்கறதுலதான் வித்தியாசம். தோல் விஷயத்துல ரெண்டு பேரை மட்டும் தெரிஞ்சுக்கிட்டா போதும்: லினோலிக் அமிலம், ஓலிக் அமிலம்.

1929-ல அமெரிக்காவுல ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர்னு ஒரு விஞ்ஞானித் தம்பதி, எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத சாப்பாடு குடுத்துப் பார்த்தாங்க. எலிகளோட தோல் செதில் செதிலா உரிய ஆரம்பிச்சுது. லினோலிக் அமிலம் குடுத்ததும் சரியாச்சு. அந்த அமிலத்தை உடம்பு தானே தயாரிக்க முடியாது, வெளியிலிருந்துதான் வரணும்னு அப்போதான் தெரிஞ்சுது. நாம பார்த்த கலவைச் சுவர்ல, தண்ணியைத் தடுக்கற முக்கியமான செராமைடு ஒண்ணோட அமைப்புக்குள்ளயே லினோலிக் அமிலம் இருக்கு.

ஓலிக் அமிலம் வேற மாதிரி. அதோட மூலக்கூறு நடுவுல வளைஞ்சிருக்கும். வரிசையா அடுக்கின கலவைக்குள்ள அது தனியா புகுந்தா வரிசை கலையும். மருந்தைத் தோல் வழியா உள்ளே அனுப்ப வேண்டிய இடங்கள்ல, சுவரைத் தளர்த்தறதுக்காகவே ஓலிக் அமிலத்தைச் சேர்ப்பாங்க. மருந்துக்கு அது நல்லது. ஏற்கெனவே வறண்டு வெடிச்ச தோலுக்கு?

இங்கிலாந்துல ஷெஃபீல்டு ஆராய்ச்சியாளர்கள் 2013-ல வெளியிட்ட ஒரு சோதனை இதுக்குப் பதில் சொல்லுது. 19 பேர். சிலருக்கு ஒரு முன்கையில மட்டும் ஆலிவ் எண்ணெய். மத்தவங்களுக்கு ஒரு கையில ஆலிவ், இன்னொரு கையில சூரியகாந்தி. தினம் ரெண்டு வேளை, நாலஞ்சு வாரம். ஓலிக் அதிகமா இருக்கற ஆலிவ் எண்ணெய் சுவரைப் பலவீனமாக்கி, லேசான சிவப்பையும் உண்டாக்குச்சு. லினோலிக் அதிகமா இருக்கற சூரியகாந்தி எண்ணெய் சுவரைக் கெடுக்கல; ஈரப்பதமும் கூடுச்சு. சின்ன சோதனைதான், ஆனா விலை உயர்ந்த பாட்டிலைவிடச் சமையல் பாக்கெட் ஜெயிச்ச சோதனை.

இன்னொண்ணு இதைவிடப் பெருசு. வங்கதேசத்துல டாக்கா சிஷு மருத்துவமனையில, 33 வாரத்துக்கு முன்னாடியே பிறந்த குழந்தைகளுக்கு நர்சுகள் சூரியகாந்தி விதை எண்ணெய் தடவினாங்க. அந்தக் குழந்தைகளோட மேல் தோல் இன்னும் சரியா உருவாகியிருக்காது. கிருமி சுலபமா நுழையும். 2005-ல லான்செட் இதழ்ல வந்த முடிவு: எண்ணெய் தடவாத குழந்தைகளோட ஒப்பிட்டா, ஆஸ்பத்திரியில தொத்தற ரத்தக் கிருமித் தொற்று 41 சதவீதம் குறைஞ்சுது. மெல்லிசான அந்தச் சுவர் உயிர் காக்கற சுவர்ங்கறதுக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனா உடனே வீட்டுல இருக்கற கைக்குழந்தைக்குத் தேய்க்க ஓடாதீங்க. 2016-ல மான்செஸ்டர்ல நிறைமாசத்துல பிறந்த 115 குழந்தைகளை வச்சுப் பார்த்தப்போ, சூரியகாந்தி, ஆலிவ் ரெண்டுமே ஈரத்தைக் கூட்டினாலும், தோலோட கொழுப்பு அடுக்கு சரியா உருவாகறதைத் தாமதப்படுத்தின மாதிரி தெரிஞ்சுது. குறைமாசக் குழந்தைக்கு உதவினது எல்லாக் குழந்தைக்கும் உதவும்னு இல்ல. பச்சைக் குழந்தைக்கு டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் செய்யுங்க.

நம்ம வீட்டு அலமாரியில என்ன இருக்கு?

சூரியகாந்தி எண்ணெய்: சாதாரண வகையில லினோலிக் சுமார் 60 சதவீதம். ஆனா 'ஹை ஓலிக்'னு ஒரு வகையும் விக்கறாங்க. அதுல கணக்கு தலைகீழ். எப்படிக் கண்டுபிடிக்கறது? பாக்கெட் பின்னாடி ஊட்டச்சத்து அட்டவணை இருக்கும். அதுல 'பாலி அன்சாச்சுரேட்டட்' எண் பெருசா இருந்தா லினோலிக் அதிகம். 'மோனோ அன்சாச்சுரேட்டட்' எண் பெருசா இருந்தா ஓலிக் அதிகம்.

நல்லெண்ணெய்: லினோலிக்கும் ஓலிக்கும் ஏறக்குறைய சரி பாதி, ரெண்டும் 40 சதவீதத்தைச் சுத்தி. எள்ளுல இயற்கையாவே செசாமோல் மாதிரியான ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் இருக்கறதால சீக்கிரம் கெடாது. உடம்புக்குப் பூச நல்ல நடுநிலை ஆள்.

கடலெண்ணெய்: எங்க ஊர்ப் பக்கம் நெல்லு, கரும்போட கடலையும் போடறதால செக்கெண்ணெய்க்குப் பஞ்சமில்ல. ஆயாவுக்கு அதுதான் சர்வரோக நிவாரணி. ஆனா அதுல ஓலிக்தான் அதிகம், பாதிக்குக் கிட்ட. குதிகால் மாதிரித் தடிச்ச இடத்துக்குப் பரவாயில்ல. வறண்டு சிவந்த முகத்துக்கு நான் சிபாரிசு பண்ண மாட்டேன். கடலை அலர்ஜி இருக்கறவங்க செக்கெண்ணெய் பக்கமே போகக் கூடாது. ரீஃபைன்டு எண்ணெய்ல நீங்கற புரதம் செக்கெண்ணெய்ல மிச்சம் இருக்கும்.

தேங்காயெண்ணெய்: தேங்காயும் விதைதான். இதுல லினோலிக், ஓலிக் ரெண்டுமே கம்மி. பாதிக்குக் கிட்ட லாரிக் அமிலம். சுமார் 24 டிகிரிக்குக் கீழ உறைஞ்சிடும், அதனாலதான் மார்கழிக் காலையில பாட்டிலைக் கவுத்தாலும் வராது. நல்ல மூடி, கிருமியைக் கொஞ்சம் அடக்கும். பிலிப்பைன்ஸ்ல எக்ஸிமா இருந்த 117 குழந்தைகள் மேல நடந்த சோதனையில மினரல் ஆயிலைவிட நல்ல பலன் தந்துச்சு. ஆனா முகப்பரு இருக்கறவங்க முகத்துல தவிர்க்கறது நல்லது. பொடுகு இருந்தாலும் யோசிங்க. பொடுகுக்குக் காரணமான மலசீசியாங்கற பூஞ்சைக்குக் கொழுப்புதான் சாப்பாடு. எண்ணெய் வச்சு ஊற விடறது, அதுக்கு விருந்து வைக்கற மாதிரி.

விளக்கெண்ணெய்: 85-லிருந்து 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம். அதனாலதான் அவ்வளவு பிசுபிசுப்பு. வெடிச்ச குதிகாலுக்கு நல்லா ஒட்டி நிக்கும்.

வேப்பெண்ணெய், புங்க எண்ணெய்: ரெண்டுமே மருந்து வாசம் அடிக்கும், ரெண்டுமே வாய்க்குப் போகக் கூடாதது. புங்க எண்ணெய் தோல் பதனிடறதுல பழைய ஆள். வேப்பெண்ணெய்க்குக் கிருமியை அடக்கற குணம் உண்டு. சிலருக்கு அதுவே எரிச்சலும் ஆகும். குழந்தைகளுக்கு வயித்துப் பூச்சிக்குன்னு வேப்பெண்ணெய் ஊட்டற வழக்கம் இன்னும் சில வீடுகள்ல இருக்கு. தயவுசெஞ்சு தடுத்து நிறுத்துங்க. மலேசியாவுல அப்படி ஊட்டின குழந்தைகளுக்கு வாந்தி, வலிப்பு, மயக்கம்னு உயிருக்கே ஆபத்தானதை 1981-லயே லான்செட்ல எழுதியிருக்காங்க.

அந்த 600 ரூபாய் ரோஸ்ஹிப்? நல்ல எண்ணெய்தான். லினோலிக் நிறைய இருக்கு, கூடவே ஆல்ஃபா லினோலெனிக்கும் இருக்கு. ஆனா லினோலிக் மட்டும்தான் வேணும்னா, அது சமையலறையிலேயே இருக்கு. அங்க ஒரு மில்லிக்கு 20 பைசா கூட ஆகாது.

எப்படிப் பூசறது?

குளிச்சு முடிச்சதும் துண்டால ஒத்தி எடுங்க. அழுத்தித் துடைக்க வேண்டாம். தோல் லேசா ஈரமா இருக்கும்போதே, மூணு நிமிஷத்துக்குள்ள எண்ணெயைத் தடவுங்க. ஒரு கைக்கு அரை டீஸ்பூன் தாராளம். பளபளன்னு வழியற அளவு போட்டா சட்டைக்குத்தான் ஊட்டம்.

குதிகால் வெடிப்புக்கு: வெதுவெதுப்பான தண்ணியில பத்து நிமிஷம் கால் வச்சிருங்க. ஒத்தி எடுத்துட்டு விளக்கெண்ணெய் இல்லன்னா பெட்ரோலியம் ஜெல்லி போட்டு, பழைய சாக்ஸ் மாட்டிட்டுப் படுங்க. வீட்டுல சுகர் இருக்கறவங்களா இருந்தா, வெடிப்புல ரத்தம், புண் எதுவும் தெரிஞ்சா வீட்டு வைத்தியம் வேண்டாம், நேரா டாக்டர்.

புது எண்ணெய் எதுவானாலும் முழங்கை மடிப்புல கொஞ்சம் தடவி ரெண்டு மூணு நாள் பாருங்க. சிவந்தா, அரிச்சா அதை விட்டுடுங்க.

அப்புறம், "கேரட் விதை எண்ணெய் போட்டா சன்ஸ்கிரீனே வேண்டாம்"னு ஒரு ரீல் சுத்துது. நம்பாதீங்க. எந்த விதை எண்ணெயும் சன்ஸ்கிரீனுக்கு மாத்து ஆகாது. வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியாததா?

சிக்கடிச்ச எண்ணெய்

லினோலிக் அதிகமா இருந்தா தோலுக்கு நல்லதுன்னு பார்த்தோம். அதுக்கு ஒரு விலையும் உண்டு. இரட்டைப் பிணைப்பு அதிகம் இருக்கற எண்ணெய், காத்துல இருக்கற ஆக்சிஜனோட சீக்கிரம் வினைபுரியும். முதல்ல பெராக்சைடு உண்டாகும், அப்புறம் சிக்கு வாசம் வரும். பெராக்சைடு தோலை எரிச்சலாக்கும். அதனால சின்ன பாட்டில், இருட்டான இடம், இறுக்கமான மூடி, சில மாசத்துக்குள்ள தீர்த்துடறது. பொரிச்சு மிஞ்சின எண்ணெயை உடம்புக்குத் தேய்க்கவே கூடாது.

இந்த விஷயத்துல தோல் கம்பெனியும் மாட்டிக்கிச்சுங்கறது நான் இதைப் படிக்கும்போது கண்டுபிடிச்ச ஆச்சரியம். பதனிடப் பயன்படுத்தறது மூணு இணைதிறன் குரோமியம், அவ்வளவு ஆபத்தில்லாதது. ஆனா அந்த லெதருக்குள்ள போட்ட எண்ணெய் நிறைவுறாததா இருந்து, நாளாக ஆக்சிஜனேற்றம் அடைஞ்சா, அதுல உண்டாகற பெராக்சைடு குரோமியத்தை ஆறு இணைதிறனுக்கு மாத்திடும். அது தோல்ல கடுமையான அலர்ஜியைக் கிளப்பறது, புற்றுநோயோடவும் தொடர்புள்ளது. 2015 மே 1-லிருந்து ஐரோப்பிய ஒன்றியம், உடம்புல படற தோல் பொருள்ல ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதுன்னு சட்டம் வச்சிருக்கு. தாண்டினா சரக்கு அங்க விக்க முடியாது. அதாவது எந்த எண்ணெயைப் போடறாங்கங்கறதுலயே ஒரு கன்டெய்னர் ஷூவோட தலையெழுத்து இருக்கு.

மாமாவோட கை

இப்போ அந்தத் தப்பு.

மாமா கேட்டப்போ நான் சொன்னது: "ஆர்கானிக் வேப்பெண்ணெய் போடுங்க மாமா, கிருமி எல்லாம் போயிடும்." ரெண்டு நாளைக்கு முன்னாடி பார்த்த ஒரு ரீல்தான் என் ஆதாரம். மாமா நம்பினார், ஏன்னா நான் இன்ஜினியரிங் படிக்கிறேன். வேப்பெண்ணெய் எரிஞ்சுது. அப்புறம் தேங்காயெண்ணெய். அப்புறம் யாரோ சொன்ன குங்கிலிய வெண்ணெய். நடுவுல மெடிக்கல்ல கேட்டு வாங்கின ஒரு ட்யூப். போட்டா நாலு நாள் அடங்கும், விட்டா ரெண்டு மடங்கா வரும். எண்ணெய்க் கையோட ரப்பர் கிளவுஸ் மாட்டினதால கிளவுஸும் ஊதிப் போய்க் கிழிஞ்சுது. இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. இப்படியே எட்டு மாசம் போச்சு. கடைசியில டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாம விரல் மடங்கல.

அப்புறம்தான் தோல் டாக்டர்கிட்ட போனார். அவர் முதல்ல கேட்டது "என்ன எண்ணெய் போடறீங்க?"ன்னு இல்ல, "என்ன வேலை பார்க்கறீங்க?"ன்னு. முதுகுல வரிசையா சின்னச் சின்ன ஒட்டுப் பட்டைகள் ஒட்டினாங்க. 'பேட்ச் டெஸ்ட்'. 48 மணி நேரம் கழிச்சு எடுத்துப் பார்த்து, இன்னும் ரெண்டு நாள் கழிச்சு மறுபடி பார்த்தாங்க. பொட்டாசியம் டைகுரோமேட் வச்ச இடம் மட்டும் சிவந்து கொப்புளிச்சிருந்துச்சு. குரோமியம் அலர்ஜி. சிமென்ட்லயும் அது இருக்கறதால கொத்தனார்களுக்கும் இதே கை வரும்னு டாக்டர் சொன்னாராம்.

வறட்சிக்கும் அலர்ஜிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். வறட்சின்னா சுவர்ல கலவை போச்சு, பூசினா சரியாகும். அலர்ஜின்னா உடம்பு ஒரு பொருளை எதிரின்னு எழுதி வச்சுக்கிச்சு. அந்தப் பொருள் திரும்பத் திரும்ப மேல படற வரைக்கும் நீங்க எந்த எண்ணெயைத் தடவினாலும் நெருப்பு மேல போர்வை போத்தற மாதிரிதான். பெரும்பாலும் அந்தக் குறிப்பு ஆயுசுக்கும் அழியாது.

மாமாவுக்கு டாக்டர் மருந்து எழுதினார், நைட்ரைல் கிளவுஸ் போடச் சொன்னார், டிரம் பக்கமே போகக் கூடாதுன்னுட்டார். இப்போ ஸ்டோர்ல கணக்கு எழுதறார். ஓவர்டைம் கிடையாது, மாசச் சம்பளத்துல அது தெரியுது. கை ஓரளவு தேறிடுச்சு. அந்த எட்டு மாசத்துல முதல் மாசமே போயிருந்தா இவ்வளவு முத்தியிருக்காதுன்னு டாக்டர் சொன்னதை மாமா என்கிட்ட சொல்லவே இல்ல. அத்தைதான் சொன்னாங்க.

அதனால இந்த அடையாளங்களை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. வேலைக்குப் போற நாள்ல அதிகமாகி லீவுல குறையற அரிப்பு, நீர் கோத்த கொப்புளம், வாட்ச் பட்டை, செருப்பு வார் படற இடத்துல மட்டும் வர்ற சிவப்பு, ரெண்டு வாரம் எண்ணெய் போட்டும் அசையாத வெடிப்பு: இதுல எது இருந்தாலும் எண்ணெய் பாட்டிலை மூடி வச்சிட்டு தோல் டாக்டரைப் பாருங்க. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல தோல் பிரிவு இருக்கு.

மத்தபடி எண்ணெய் நல்ல விஷயம்தான். ஈரத்துல தடவுங்க, லினோலிக் பார்த்து எடுங்க, சிக்கடிச்சா தூக்கிப் போடுங்க.

போன வாரம் மாமா போன் பண்ணார். டாக்டர் குடுத்த மருந்து தவிர, குளிச்சதும் ஈரக் கையில வெறும் பெட்ரோலியம் ஜெல்லிதான் போடறாராம். "பாப்பா, உன் ரோஸ் எண்ணெய் என்னாச்சு?"ன்னு கேட்டு சிரிச்சார். ஆயா அதை விளக்குல ஊத்திட்டாங்கன்னு சொன்னேன். நல்லாத்தான் எரிஞ்சுதாம்.